முப்பதாவது இரவு வரை

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943-இல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் உள்ள ஏதாவது ஒரு விமானத் தளத்துக்குப் புதிதாக வந்து சேரும் இருபது வயது இளைஞனுக்கு, வந்த அன்றே ஒரு எண் மனதில் பதிந்துவிடும். முப்பது. ஜெர்மனிக்கு மேலே போய்க் குண்டு போட்டுவிட்டு உயிரோடு திரும்புவதை முப்பது தடவை செய்து முடித்தால் ஒரு 'டூர்' முடிந்தது. அதன் பிறகு குறைந்தது ஆறு மாதத்துக்குப் போர்ப் பறத்தல் கிடையாது. பயிற்சிப் பள்ளி ஏதாவது ஒன்றுக்கு ஆசிரியராக அனுப்பிவிடுவார்கள். முப்பது என்ற அந்த எண்ணை வைத்துத்தான் அவன் சாப்பிட்டான், தூங்கினான், காதலித்தான், கடிதம் எழுதினான்.

பாம்பர் கமாண்ட் என்ற பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையைப் பற்றி எழுதுபவர்கள் வழக்கமாக இரண்டு கேள்விகளில் நின்றுவிடுகிறார்கள். அவர்கள் வீரர்களா? அவர்கள் செய்தது சரியா? இரண்டுமே முக்கியமான கேள்விகள்தான். ஆனால் விமானத்துக்குள் உட்கார்ந்திருந்தவன் எதை அனுபவித்தான் என்பது அந்தக் கேள்விகளில் பிடிபடுவதில்லை. அவன் எண்ணிக்கொண்டிருந்தான். எத்தனை முடிந்தது, எத்தனை பாக்கி. அந்த எண்ணிக்கையைப் பின்தொடர்ந்து போனால் அவன் வாழ்ந்த வாழ்க்கை ஓரளவு தெரிய வருகிறது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். போர் முழுவதிலும் பாம்பர் கமாண்டில் ஏறக்குறைய 1,25,000 பேர் விமானக் குழுவினராகப் பணியாற்றினார்கள். அவர்களில் 55,573 பேர் இறந்தார்கள். நூற்றுக்கு 44 பேர். இன்னும் 9,800-க்கும் மேற்பட்டவர்கள் போர்க்கைதிகளாகப் பிடிபட்டார்கள். இத்தனைக்கும் அவர்களில் ஒருவர்கூடக் கட்டாயத்தின்பேரில் விமானத்தில் ஏறவில்லை. பறக்கும் பணிக்கு வந்த எல்லோருமே தாங்களாகக் கைதூக்கி வந்தவர்கள்.

மொத்தப் போரையும் எடுத்துக்கொண்டால் 3,64,514 பறத்தல்களில் 8,325 விமானங்கள் தொலைந்தன. நூற்றுக்கு இரண்டு சொச்சம். கேட்பதற்குச் சின்ன எண்போலத் தோன்றும். ஆனால் 1943-இன் கடைசியில் பெர்லின்மீது தொடர்ந்து தாக்குதல் நடந்த மாதங்களில் இழப்பு நூற்றுக்கு ஐந்தைத் தொட்டது. ஒரு இரவில் தப்பிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 95 என்றால் நல்ல வாய்ப்புதானே என்று நினைக்கலாம். அதே 95-ஐ முப்பது இரவுகளுக்கு ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருக்கிப் பாருங்கள். நூறு பேரில் இருபத்தொரு பேர்தான் மிஞ்சுவார்கள். இழப்பு நூற்றுக்கு நாலு என்றாலும் இருபத்தொன்பது பேர்தான். பள்ளிக்கூடத்துக் கணக்கு இது. விமானத்துக்கு வழி கணித்துச் சொல்லும் நேவிகேட்டர் வேலைக்கு வந்தவர்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள். ஒரு துண்டுக் காகிதத்தில் இரண்டு நிமிடத்தில் போட்டுவிடக்கூடியவர்கள். ஆனால் மெஸ்ஸில் உட்கார்ந்து யாரும் இந்தக் கணக்கை வாய்விட்டுப் பேசமாட்டார்கள்.

நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானமான லான்காஸ்டரில் ஏழு பேர். பைலட், ஃபிளைட் எஞ்சினியர், நேவிகேட்டர், வயர்லெஸ் ஆபரேட்டர், குண்டு குறிபார்ப்பவர், முதுகுப் பகுதித் துப்பாக்கிக்காரர், வால் துப்பாக்கிக்காரர். இந்த ஏழு பேரும் ஒன்று சேர்ந்த விதம் ராணுவத்தில் வேறெங்கும் கேள்விப்படாத ஒன்று. பயிற்சி முடிந்தவர்களை ஒரு பெரிய ஹேங்கருக்குள் அனுப்பி, 'நீங்களே பேசிக் குழு சேர்ந்துகொள்ளுங்கள்' என்று விட்டுவிடுவார்கள். பட்டியல் கிடையாது, உத்தரவு கிடையாது. தெருவில் கிரிக்கெட்டுக்கு ஆள் சேர்ப்பதுபோலத்தான். ஒருவன் முகம் நிதானமாக இருக்கிறதே என்று ஒருவன் போய்ப் பேசுவான். அவனுக்குத் தெரிந்த துப்பாக்கிக்காரன் ஒருவன் மூலையில் நிற்பான். அரை மணி நேரத்தில் ஏழு உயிர்கள் ஒரே கயிற்றில் கட்டப்பட்டுவிடும். (நான்கு எஞ்சின் விமானத்துக்கு மாறும்போதுதான் ஃபிளைட் எஞ்சினியர் வந்து சேர்வார். ஹேங்கரில் கூடுவது பெரும்பாலும் மற்றவர்கள்.) ஒரு கனடாக்காரன், ஒரு ஆஸ்திரேலியன், ஸ்காட்லாந்துச் சுரங்கத் தொழிலாளியின் மகன் ஒருவன், லண்டன் வங்கிக் குமாஸ்தா ஒருவன் என்று கலந்த குழு அது. பைலட் சார்ஜென்டாக இருந்தாலும், குழுவில் அவரைவிடப் பதவியில் பெரிய அதிகாரி இருந்தாலும், விமானம் தரையை விட்டுக் கிளம்பிவிட்டால் பைலட்தான் தலைவர். தரைக்கு வந்தபின் அதிகாரி ஒரு மெஸ்ஸிலும் சார்ஜென்ட் வேறொரு மெஸ்ஸிலும் சாப்பிடப் போவார்கள். ஒன்றாகச் சாகத் தயாராக இருந்தவர்களுக்கு ஒன்றாகச் சாப்பிட இடமில்லாமல் போனதை இன்று படிக்கும்போது மனது ஆறவில்லை.

இந்தப் படையோடு நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. பாம்பர் கமாண்டின் 35-ஆவது ஸ்குவாட்ரனின் முழுப்பெயரில் 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்ற சொல் இருந்தது. 102-ஆவது ஸ்குவாட்ரனின் பெயரில் 'சிலோன்'. 97-ஆவதின் பெயரில் பினாங்கும் சிங்கப்பூரும் அடங்கிய 'ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மென்ட்ஸ்'. அந்தந்த நாடுகளிலிருந்து விமானம் வாங்க வந்த நிதியை நினைவுகூரும் பெயர்கள் அவை. சென்னையிலும் கொழும்பிலும் போர் நிதிக்கு வசூலான பணம் யார் யாருடைய கைகளிலிருந்து போனது, அதில் எவ்வளவு மனமுவந்து கொடுத்தது என்பது தனிக் கதை. ஆனால் யார்க்ஷயரின் பாக்லிங்டனிலிருந்தும் ஹண்டிங்டன்ஷயரின் கிரேவ்லியிலிருந்தும் இரவுதோறும் கிளம்பிய ஹேலிஃபேக்ஸ் விமானங்கள் நம் ஊர்ப் பெயர்களைச் சுமந்த படையணிகளைச் சேர்ந்தவை.

ஒரு தாக்குதல் நாள் காலையில் அமைதியாகத்தான் தொடங்கும். 'இன்றிரவு உண்டு' என்ற செய்தி காலையிலேயே கசிந்துவிடும். தளத்துக்கு வெளியே பேசும் தொலைபேசிகள் துண்டிக்கப்படும். எந்த ஊர் என்பது மாலைவரை ரகசியம். ஆனால் குழுவினர் தரைப் பணியாளர்களிடம் போய் நிற்பார்கள்: எத்தனை கேலன் பெட்ரோல் ஏற்றுகிறீர்கள்? லான்காஸ்டரின் டாங்கிகள் மொத்தமாக 2,154 கேலன் கொள்ளும். டாங்கி நிறைந்து குண்டு குறைந்தால் நீண்ட தூரம், பெர்லினாக இருக்கலாம். பெட்ரோல் குறைந்து குண்டு கூடினால் ரூர் தொழிற்பகுதி. பெட்ரோல் அளவை வைத்து அவரவர் தலையெழுத்தைக் கணித்துக்கொண்டார்கள். மாலையில் கூட்ட அறையில் திரை விலகும்போது சுவர் வரைபடத்தில் இங்கிலாந்திலிருந்து இலக்குவரை ஒரு சிவப்பு நாடா நீளும். நாடா கிழக்கே எவ்வளவு தூரம் போகிறதோ அந்த அளவுக்கு அறையில் முனகல் எழும்.

அப்புறம் முட்டை. போர்க்கால இங்கிலாந்தில் முட்டை ரேஷன் பொருள். ஒரு ஆளுக்கு வாரத்துக்கு ஒன்று கிடைத்தால் பெரிது. பறக்கப் போகிறவர்களுக்கு மட்டும் பன்றி இறைச்சியோடு பொரித்த முட்டை கிடைக்கும், திரும்பி வந்தால் இன்னொரு தடவை. நீ வராவிட்டால் உன் முட்டையை நான் எடுத்துக்கொள்கிறேன் என்பது மேசையில் வழக்கமாகச் சொல்லிக்கொள்ளும் வாசகம். அதன் பிறகு பைகளைக் காலி செய்ய வேண்டும். பேருந்துச் சீட்டு, சினிமா டிக்கெட், காதலியின் கடிதம் எதுவும் இருக்கக் கூடாது. பிடிபட்டால் எதிரிக்கு எந்தத் தளம் என்று தெரிந்துவிடும். பதிலுக்குப் பட்டுத் துணியில் அச்சிட்ட வரைபடமும் ஐரோப்பியப் பணமும் அடங்கிய தப்பிக்கும் பொட்டலம் ஒன்று தருவார்கள்.

விமானத்தடியில் காத்திருக்கும் அந்த ஒரு மணி நேரம்தான் எல்லாவற்றிலும் கொடுமை என்று பிழைத்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். எஞ்சின் ஓட ஆரம்பித்துவிட்டால் வேலை வந்துவிடும், பயத்துக்கு இடமிருக்காது. அதற்கு முன்னால் புல்லில் உட்கார்ந்து சிகரெட் பிடிக்கும்போதுதான் வயிறு பிசையும். பல குழுக்கள் வால் சக்கரத்தின்மேல் சிறுநீர் கழித்துவிட்டுத்தான் ஏறும். அது அதிர்ஷ்டமாம். ஒருவன் கழுத்தில் காதலியின் துணி, ஒருவன் பையில் முயல் பொம்மை. ஒரு நாள் அது கிடைக்காமல் போனால் பதறிப்போய்த் தேடுவார்கள். காரண காரியமே தெரியாத ஒரு சாவுக்கு நடுவில் வாழ்பவன் எதையாவது பிடித்துக்கொள்ளத்தானே செய்வான்.

ஏறக்குறைய முப்பது டன் எடையோடு லான்காஸ்டர் ஓடுபாதையில் கிளம்பும். அதில் நான்காயிரம் பவுண்டு எடையுள்ள ஒரு பெரிய வெடிகுண்டும், நூற்றுக்கணக்கில் சிறிய தீக்குண்டுகளும் இருக்கும். ஓடுபாதை முடிவதற்குள் ஒரு எஞ்சின் நின்றால் அதோடு எல்லாம் சரி. எதிரியைப் பார்க்காமலே இறந்தவர்கள் கொஞ்சநஞ்சமல்ல. பயிற்சியிலும் விபத்திலும் மட்டும் எட்டாயிரம் பேருக்கு மேல் போயிருக்கிறார்கள்.

இருபதாயிரம் அடி உயரத்தில் ஒரே விமானத்துக்குள் ஏழு பேரும் ஏழு வேறு போர்களை நடத்தினார்கள் என்றே சொல்லலாம். வயர்லெஸ் ஆபரேட்டர் வெப்பக் காற்று வரும் குழாயின் பக்கத்தில் வியர்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு முன்னால் நேவிகேட்டர் திரையை இழுத்து மூடி, சின்ன விளக்கின் கீழ் பென்சிலும் ஸ்கேலுமாகக் குனிந்திருப்பார். வெளியே நகரம் எரிவதையே பார்க்காமல் டூரை முடித்த நேவிகேட்டர்கள் உண்டு. ஒரே ஒரு தடவை திரையை விலக்கி எட்டிப் பார்த்துவிட்டு, இனி பார்க்கவே கூடாது என்று முடிவெடுத்தவர்களும் உண்டு. குண்டு குறிபார்ப்பவர் விமானத்தின் மூக்குப் பகுதியிலுள்ள கண்ணாடிக் குமிழுக்குள் குப்புறப் படுத்து, தன் வயிற்றுக்குக் கீழே நேராக வந்து வெடிக்கும் பீரங்கிக் குண்டுகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

வால் துப்பாக்கிக்காரரின் நிலை வேறு. மற்ற ஆறு பேரையும் விட்டுத் தள்ளி, வாலின் கடைசியில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் எட்டு மணி, ஒன்பது மணி நேரம். முன்னே நான்கு பிரவுனிங் துப்பாக்கிகள். மைனஸ் 40 டிகிரிக் குளிர். மின்சாரத்தில் சூடேறும் உடை இருக்கும். அதில் ஒரு கம்பி அறுந்தால் கால்விரல்கள் போய்விடும். கண்ணாடியில் ஒரு தூசு இருந்தாலும் அது எதிரி விமானமா என்று கண் ஏமாறும் என்பதால் முன்பக்கக் கண்ணாடியையே வெட்டி எடுத்துவிட்டுத் திறந்த காற்றில் உட்கார்ந்தார்கள். மூச்சிலுள்ள ஈரம் ஆக்ஸிஜன் குழாயில் உறைந்து அடைக்கும். அடிக்கடி கையால் கசக்கிப் பனியை உடைக்க வேண்டும். அவர் பார்ப்பதெல்லாம் கடந்து வந்த பாதைதான். போகிற ஊர் அவருக்குத் தெரியாது. விட்டுவந்த தீதான் நூறு மைல் தூரம்வரை கண்ணில் நிற்கும்.

அந்தக் கூண்டுக்குள் பாராசூட் வைக்க இடமில்லை. கூண்டுக்கு வெளியே விமானத்தின் உடற்பகுதியில் ஒரு கொக்கியில் அது தொங்கும். ஆபத்து வந்தால் கதவைத் திறந்து, கையை நீட்டி எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும். 1944 மார்ச் 24-ஆம் தேதி இரவு பெர்லினிலிருந்து திரும்பும்போது நிக்கோலஸ் அல்கெமேட் என்ற வால் துப்பாக்கிக்காரர் கதவைத் திறந்தார். விமானத்தின் உள்ளே தீ. பாராசூட் அவர் கண்முன்னே எரிந்துகொண்டிருந்தது. எரிந்து சாவதைவிட விழுந்து சாவது மேல் என்று முடிவெடுத்துப் பதினெட்டாயிரம் அடி உயரத்திலிருந்து பாராசூட் இல்லாமல் குதித்தார். ஊசியிலை மரங்களின் கிளைகளில் மோதி, ஆழமான பனியில் விழுந்து, கால் சுளுக்கோடு பிழைத்துக்கொண்டார். பிடித்த ஜெர்மானியர்கள் முதலில் நம்பவில்லை. உளவாளி என்று நினைத்தார்கள். விழுந்துகிடந்த விமானத்தைச் சோதித்து, கருகிய பாராசூட்டின் உலோகப் பாகங்களைக் கண்டபிறகுதான் நம்பினார்கள். பைலட் இறந்துவிட்டார். இந்தக் கதையை அதிசயம் என்று சொல்லிக் கடந்துபோகிறவர்களே அதிகம். எனக்கு அதில் அதிசயத்தைவிட அந்தக் கொக்கிதான் கண்ணில் நிற்கிறது. ஒரு மனிதனின் உயிர் அவன் கைக்கு எட்டாத இடத்தில் தொங்கும்படி ஒரு இயந்திரத்தை வடிவமைத்து, அதில் ஆயிரக்கணக்கானவர்களை உட்கார வைத்திருக்கிறார்கள்.

இதை அப்போதே கவனித்தவர் ஒருவர் இருந்தார். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற இயற்பியலாளரான ஃப்ரீமன் டைசன், 1943-இல் பத்தொன்பது வயதில் பாம்பர் கமாண்ட் தலைமையகத்தின் ஆய்வுப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அவரும் சக ஆய்வாளர்களும் கண்டறிந்தவை சங்கடமான உண்மைகள். சுட்டு வீழ்த்தப்பட்ட அமெரிக்கப் பகல்நேர விமானங்களிலிருந்து ஏறக்குறையப் பாதிப் பேர் தப்பித்தார்கள். ஹேலிஃபேக்ஸிலிருந்து நான்கில் ஒருவர். லான்காஸ்டரிலிருந்து அதைவிடவும் குறைவு. காரணங்களில் ஒன்று, தப்பிக்கும் கதவின் அகலம். லான்காஸ்டரின் கதவு ஹேலிஃபேக்ஸின் கதவைவிட இரண்டு அங்குலம் குறுகல். தடித்த உடையும் பாராசூட்டும் அணிந்த ஆள், சுழன்று விழும் விமானத்தில், இருட்டில், அதன் வழியாக நுழைந்தாக வேண்டும். கதவைப் பெரிதாக்கச் சொல்லி ஆய்வுப் பிரிவில் ஒருவர் இரண்டு ஆண்டுகள் போராடினார். போர் முடியும் தறுவாயில்தான் அதற்கு வழி பிறந்தது. இரண்டு அங்குலத்துக்கு எத்தனை உயிர் என்று யோசித்தால் பெருமூச்சுதான் வருகிறது.

டைசன் கண்ட இன்னொரு உண்மை, முப்பது என்ற எண்ணின் அடிவயிற்றிலேயே அடிக்கக்கூடியது. முதல் ஐந்தாறு இரவுகளைத் தாண்டிவிட்டால் அனுபவம் கைகொடுக்கும், அப்புறம் பிழைத்துக்கொள்ளலாம் என்பது எல்லாத் தளங்களிலும் நிலவிய நம்பிக்கை. தளபதிகளும் அதைத்தான் சொன்னார்கள். புள்ளிவிவரம் வேறு கதை சொன்னது. 1943-க்குப் பிறகு அனுபவமுள்ள குழுவும் புதுக் குழுவும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் விழுந்துகொண்டிருந்தன. ஏன் என்று அப்போது யாருக்கும் விளங்கவில்லை.

விடை விமானத்தின் வயிற்றுக்கு அடியில் இருந்தது. லான்காஸ்டரின் துப்பாக்கிகள் பின்னாலும் மேலேயும் பார்த்தன. நேர்கீழே பார்க்கப் பெரும்பாலான விமானங்களில் ஆளே கிடையாது. ஜெர்மானிய இரவுப்போர் விமானிகள் தங்கள் விமானங்களின் முதுகில் மேல்நோக்கிச் சாய்ந்த இரட்டை பீரங்கிகளைப் பொருத்திக்கொண்டார்கள். 'ஷ்ரேகெ முசிக்' என்று அதற்குப் பெயர். சத்தமில்லாமல் அடியில் வந்து, எஞ்சின்களுக்கு இடையே இறக்கையிலுள்ள பெட்ரோல் டாங்கியைப் பார்த்துச் சுடுவார்கள். வழக்கமாகத் துப்பாக்கி ரவை செல்லும் பாதையைக் காட்டும் ஒளிக்கோடுகூட இருக்காது. உள்ளே இருக்கும் ஏழு பேருக்கும் எங்கிருந்து அடி வந்தது என்றே தெரியாது. தெரிந்துகொண்டவர்களில் திரும்பி வந்து சொன்னவர்கள் மிகச் சிலர். அதனால் எதிரி பின்னால் தெரிந்தால் வால் துப்பாக்கிக்காரர் கத்தியதும் விமானத்தைத் திருகுச்சுருள்போலச் சுழற்றித் தப்பிக்கும் வித்தையை எத்தனை அழகாகக் கற்றிருந்தாலும், பார்க்க முடியாத எதிரியிடம் அது பலிக்கவில்லை.

பக்கத்தில் பறந்த விமானம் திடீரென்று நெருப்புக் கோளமாக வெடிப்பதை மற்றக் குழுவினர் பார்த்தார்கள். அது விமானம் அல்ல, நம்மைப் பயமுறுத்த ஜெர்மானியர்கள் சுடும் போலிக் குண்டு என்ற பேச்சு தளங்களில் பரவியிருந்தது. 'ஸ்கேர்குரோ' என்று அதை அழைத்தார்கள். சோளக்கொல்லைப் பொம்மை. அப்படி ஒரு ஆயுதமே ஜெர்மானியரிடம் இருந்ததில்லை. அவர்கள் பார்த்ததெல்லாம் ஏழேழு நண்பர்கள் சாவதைத்தான்.

வாலில் பொருத்தியிருந்த 'மோனிகா' என்ற எச்சரிக்கை ரேடாரின் கதையும் இப்படித்தான். பின்னால் எதிரி வந்தால் சத்தம் கொடுக்கும் கருவி அது. 1944 ஜூலையில் ஒரு ஜெர்மானிய ஜங்கர்ஸ் 88 விமானம் வழிதவறி இங்கிலாந்தின் உட்பிரிட்ஜ் தளத்தில் இறங்கியது. அதைப் பிரித்துப் பார்த்தபோதுதான், மோனிகா அனுப்பும் அலைகளையே பிடித்துக்கொண்டு தேடிவரும் கருவி அதில் இருப்பது தெரிந்தது. காவலுக்கு வைத்த நாயே திருடனுக்கு வழிகாட்டிக்கொண்டிருந்திருக்கிறது. உடனே அதைக் கழற்றச் சொன்னார்கள்.

இலக்கை நெருங்கியபின் வரும் சில நிமிடங்களுக்கு விமானத்தின் தலைமை குண்டு குறிபார்ப்பவரின் குரலுக்கு மாறிவிடும். 'இடது, இடது... நிலையாக... வலது... நிலையாக.' தேடுவிளக்குகள் துழாவும் வானத்தில், பீரங்கிகள் வெடிக்கும் நடுவில், விமானத்தை ஆடாமல் அசையாமல் நேராகச் செலுத்த வேண்டும். குண்டு விழுந்ததும் பாரம் குறைந்த விமானம் ஒரு துள்ளுத் துள்ளும். ஓடிவிடலாம் என்றால் முடியாது. கீழே குண்டு எங்கே விழுகிறது என்று கேமரா படம் எடுக்கும்வரை இன்னும் அரை நிமிடம் அதே நேர்கோட்டில் பறந்தாக வேண்டும். படம் இல்லாவிட்டால் போய்வந்ததாகக் கணக்கில் ஏறாமல் போகலாம். அந்த அரை நிமிடத்தைத்தான் வாழ்க்கையிலேயே நீளமான நேரம் என்று சொன்னார்கள்.

அந்தப் படம் ஏன் அவ்வளவு முக்கியமானது? 1941 ஆகஸ்டில் பட் அறிக்கை என்ற ஆய்வு, இலக்கைத் தாக்கிவிட்டோம் என்று சொன்ன விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் இலக்கின் ஐந்து மைல் சுற்றுவட்டாரத்துக்குள்ளாவது போயிருக்கிறது என்று படங்களை வைத்துக் காட்டியது. ஒரு தொழிற்சாலையைக் குறிபார்த்து அடிக்க இரவில் முடியாது என்றால் என்ன செய்வது? 1942 பிப்ரவரி 14-இல் வந்த உத்தரவு அந்தக் கேள்விக்கு ஒரு பயங்கரமான பதிலைச் சொன்னது: எதிரி நாட்டுப் பொதுமக்களின், குறிப்பாகத் தொழிலாளர்களின் மன உறுதியே இலக்கு. அதாவது, நகரமே இலக்கு. சில நாட்களில் பாம்பர் கமாண்டின் தலைமைப் பொறுப்பேற்ற ஆர்தர் ஹாரிஸ் அதைத் தன் முழு நம்பிக்கையாகவே எடுத்துக்கொண்டார். 1943 ஜூலை 27 இரவு ஹாம்பர்க்கில் தீ சூறாவளியாக மாறி, பதுங்கு அறைகளில் இருந்தவர்கள் மூச்சுமுட்டி இறந்தார்கள். அந்த வாரத் தாக்குதல்களில் மட்டும் ஏறத்தாழ நாற்பதாயிரம் பேர். 1945 பிப்ரவரியில் டிரெஸ்டனில் இருபத்தையாயிரம் பேர்வரை. இறந்தவர்களில் மிகப் பலர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள்.

விமானத்தில் இருந்தவனுக்கு இது தெரியுமா? தெரிந்தும் தெரியாமலும் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். நான்கு மைல் உயரத்திலிருந்து நகரம் என்பது கறுப்புத் துணியில் கொட்டிய தீப்பொறி. மனிதக் குரல் அங்கே எட்டாது. லண்டனிலும் கவன்ட்ரியிலும் ஹல்லிலும் தன் சொந்தக்காரர்கள்மேல் ஜெர்மன் குண்டு விழுந்ததை அவன் மறக்கவில்லை. அதைவிட முக்கியம், அவன் மனம் முழுக்க வேறொரு எண்ணிக்கையில் இருந்தது. பதினேழு முடிந்தது, பதின்மூன்று பாக்கி. தன் உயிரை எண்ணிக்கொண்டிருந்தவனுக்குக் கீழே உள்ள உயிர்களை எண்ண மனதில் இடமில்லை. நான் இதை அவர்களுக்கு வக்காலத்தாகச் சொல்லவில்லை. கொலையும் தியாகமும் ஒரே இரவில், ஒரே ஆளின் கையில் எப்படிச் சேர்ந்து இருக்க முடிந்தது என்று கேட்டால் எனக்குக் கிடைக்கும் நேர்மையான விடை இதுதான். அந்தக் கீழ்க்கணக்கு, பலருக்கு நாற்பது ஐம்பது ஆண்டுகள் கழித்து, பேரக் குழந்தைகளைத் தூக்கி வைத்திருக்கும் வயதில் வந்து கதவைத் தட்டியது.

திரும்பி இறங்கியதும் ரம் கலந்த தேநீர். உளவுத்துறை அதிகாரியின் கேள்விகள். பிறகு அந்த இரண்டாவது முட்டை. சுவரில் ஒரு கரும்பலகை. விமானங்களின் எழுத்துகளுக்கு எதிரே இறங்கிய நேரம் எழுதப்பட்டிருக்கும். சில கட்டங்கள் காலியாக இருக்கும். மெஸ்ஸில் சில நாற்காலிகளும்தான். 'செத்துவிட்டான்' என்று யாரும் சொல்லமாட்டார்கள். 'சாப் (வெட்டு) வாங்கிவிட்டான்' என்பார்கள். காலையில் வராதவர்களின் பெட்டியையும் உடைகளையும் எடுத்துப்போக ஒரு சின்னக் குழு வரும். வீட்டுக்கு அனுப்பக் கூடாத கடிதங்களைப் பிரித்தெடுத்துவிட்டு மீதியைக் கட்டுவார்கள். மாலைக்குள் அதே கட்டிலில் புது ஆள். அன்று இரவு பறத்தல் இல்லையென்றால் உயிரோடு இருப்பவர்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போய் பியர் குடித்து, நடனமாடி, சினிமா பார்த்துவிட்டு வருவார்கள். மறுநாள் மறுபடியும் பெர்லின். அகழியில் இருக்கும் காலாட்படைக்காரனுக்குப் போர் ஒரே இடம். இவர்களுக்கோ வெள்ளை விரிப்புப் போட்ட கட்டிலுக்கும் எரியும் வானத்துக்கும் இடையே தினசரிப் போக்குவரத்து. உடம்பைவிட மனதை அதுதான் அதிகமாக அரித்தது.

முடியவில்லை என்று ஒருவன் சொன்னால் என்ன ஆகும்? 'மன உறுதி இல்லாதவன்' என்ற பொருளில் மூன்று ஆங்கில எழுத்துகளில் ஒரு முத்திரை அவன் கோப்பில் விழும். எல்.எம்.எஃப். சட்டையிலிருந்து பறக்கும் இறக்கைச் சின்னத்தைப் பிய்த்து, பதவியைக் குறைத்து, இரவோடு இரவாகத் தளத்தை விட்டு அனுப்பிவிடுவார்கள். இருபது தடவை போய்வந்தவனுக்கும் இதே கதிதான் நேர்ந்தது. இரக்கமுள்ள மருத்துவர்கள் சிலர் காது வலி, சைனஸ் என்று எழுதிக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஆனால் முத்திரையின் பயம் எதிரியின் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. தானாக முன்வந்தவனைத் தானாகப் பின்வாங்க விடாத அந்த ஏற்பாடு, என்னைக் கேட்டால், பாம்பர் கமாண்டின் வரலாற்றில் மன்னிக்க முடியாத பக்கம்.

முப்பது என்ற எண்ணிலும் மேலிடம் ஒரு தடவை கைவைத்தது. 1944 வசந்தத்தில் பிரான்சிலுள்ள இலக்குகள் சுலபமானவை, எனவே ஒரு பிரெஞ்சுப் பறத்தலை மூன்றில் ஒரு பங்காகத்தான் கணக்கிடுவோம் என்று உத்தரவு வந்தது. மூன்று தடவை போய்வந்தால் ஒன்று. மே 3 இரவு பிரான்சில் மயி-லெ-காம்ப் என்ற இடத்தில் ஜெர்மானியர்கள் பயன்படுத்திய ராணுவ முகாமைத் தாக்க 346 லான்காஸ்டர்கள் போயின. 42 திரும்பவில்லை. மூன்றில் ஒரு பங்கு இரவில் முழுச் சாவு. அதற்குப் பிறகு அந்தக் கணக்கைக் கைவிட்டார்கள். அதற்கு ஐந்து வாரம் முன்பு, மார்ச் 30 இரவு, நியூரம்பெர்க்குக்கு 795 விமானங்கள் போனபோது 95 திரும்பவில்லை. நிலா வெளிச்சம், விமானங்களின் பின்னால் வெண்புகைக் கோடுகள், நீண்ட, வளைவில்லாத பாதை. ஒரே இரவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட விமானக்காரர்கள் இறந்தார்கள். பெரும்பாலான குண்டுகள் நகரத்துக்கு வெளியே விழுந்தன.

இத்தனைக்கும் மேல், முப்பதை முடித்த பிறகும் மறுபடி ஏறியவர்கள் இருந்தார்கள். 106-ஆவது ஸ்குவாட்ரனின் ஃபிளைட் எஞ்சினியர் நார்மன் ஜாக்சன் ஒரு தடவை வேறு குழுவோடு பறந்திருந்ததால், தன் குழுவினருக்கு ஒரு பறத்தல் பாக்கியிருக்கும்போதே அவருடைய டூர் முடிந்துவிட்டது. வீட்டிலிருந்து தந்தி: மகன் பிறந்திருக்கிறான். நியாயமாக அவர் ரயிலேறியிருக்கலாம். என் ஆட்களோடு சேர்ந்தே முடிக்கிறேன் என்று 1944 ஏப்ரல் 26 இரவு ஷ்வைன்ஃபர்ட்டுக்குப் போகும் விமானத்தில் ஏறினார். இலக்கைத் தாக்கிவிட்டுத் திரும்பும்போது எதிரி விமானம் சுட்டு, வலது இறக்கையில் தீப்பிடித்தது. உடம்பில் குண்டுச் சிதறல்களோடு, தீயணைப்பான் ஒன்றைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, இருபத்திரண்டாயிரம் அடி உயரத்தில், மணிக்கு இருநூறு மைல் வேகக் காற்றில், மேல்கதவு வழியாக இறக்கைக்கு இறங்கினார். கிளம்பும்போதே அவருடைய பாராசூட் விரிந்து விமானத்துக்குள் கொட்டிவிட்டது. உள்ளே இருந்த மூவர் அந்தத் துணியையும் கயிறுகளையும் கையில் பிடித்து, ஆழக் கிணற்றில் ஆளை இறக்குவதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள். தீ அணையவில்லை. முகமும் கைகளும் வெந்து, பிடி நழுவி, எரியும் பாராசூட்டோடு விழுந்தார். கணுக்கால் உடைந்த நிலையில் விடியற்காலையில் ஒரு கிராமத்துக்குத் தவழ்ந்துபோய்ச் சேர்ந்தார். குழுவில் பைலட்டும் வால் துப்பாக்கிக்காரரும் இறந்தார்கள்; மற்றவர்கள் கைதிகளாகிப் பிழைத்தார்கள். அந்த இரவில் அவர் என்ன செய்தார் என்பதை, போர் முடிந்து விடுதலையாகி வந்த அந்தக் கூட்டாளிகள்தான் சொன்னார்கள். அதன்பேரில் ஜாக்சனுக்குப் பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்தது.

போர் முடிந்ததும் நாடு இவர்களைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. டிரெஸ்டனின் படங்கள் வந்துவிட்டன. 1945 மே மாதம் சர்ச்சில் ஆற்றிய வெற்றி உரையில் பாம்பர் கமாண்டின் பெயர் வரவில்லை. தனிப் போர்ப் பதக்கம் கிடைக்கவில்லை. உத்தரவு போட்டவர்கள் ஒதுங்கிக்கொள்ள, பழி பறந்தவர்கள்மேல் தங்கியது. லண்டன் கிரீன் பார்க்கில் ஏழு வெண்கல மனிதர்கள் கொண்ட நினைவுச்சின்னம் 2012-இல்தான் திறக்கப்பட்டது. நெஞ்சில் குத்திக்கொள்ள ஒரு சின்ன உலோகப் பட்டை அடுத்த ஆண்டு வந்தது. இருபது வயதில் பறந்தவர்களுக்கு அப்போது தொண்ணூறு.

லிங்கன் நகரத்துக்கு வெளியே ஒரு மேட்டில் இப்போது துருப்பிடித்த நிறத்தில் ஓர் உலோகத் தூண் நிற்கிறது. உயரம் 102 அடி. லான்காஸ்டரின் ஒரு இறக்கை நுனியிலிருந்து மறு இறக்கை நுனிவரை உள்ள நீளம் அது. சுற்றியுள்ள சுவர்களில் இறந்தவர்களின் பெயர்கள், ஏறக்குறைய ஐம்பத்தெட்டாயிரம். தரைப் பணியாளர்களும் அதில் உண்டு. தூணின் அடியில் நின்று பார்த்தால், பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் லிங்கன் பேராலயத்தின் கோபுரங்கள் தெரியும். விடியற்காலையில் வடகடலைத் தாண்டி வந்த விமானங்களுக்கு அதுதான் அடையாளம். மூடுபனிக்கு மேலே அந்தக் கோபுரங்கள் தலைகாட்டியதும் முன்னால் இருப்பவர் இன்டர்காமில் சொல்வார். பின்னாலிருக்கும் வால் துப்பாக்கிக்காரருக்கு அது கடைசியில்தான் தெரியும். விமானம் அதைக் கடந்த பிறகு, கண்ணாடி வெட்டிய கூண்டின் வழியாக அவர் அதைப் பார்ப்பார். விரல் மரத்துப்போயிருந்தாலும் மனதுக்குள் ஒன்றைக் கூட்டிக்கொள்வார். பதினெட்டு.